கால்பூட்டு திறந்த கணம்

கால்பூட்டைத் திறந்து கடப்பது எப்படி என்று எழுதித் தருமாறு மாவட்டத்தின் புதிய தற்காப்புக்கலை நடுவர்கள் சிலர் கேட்டார்கள். அதைச் செய்துகாட்டத் தகுதியுடையோர் வேறு பலர் இருக்கிறார்கள். என் முழங்கால்கள் இனி அதற்கு இடந்தரப்போவதும் இல்லை. திறப்பது ஆடுபவரின் வேலை. திறந்ததா என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. அந்தப் பார்வையில் நான் ஒருமுறை தவறினேன். புதியவர்களுக்குச் சொல்லத்தக்கது என்னிடம் ஏதேனும் உண்டென்றால் அந்தத் தவறுதான் உண்டு. ஆதலின் அதையே எழுதுகிறேன்.

நான் தமிழிலக்கியம் பயின்றபின் உடற்கல்விக்கு வந்தவள். தமிழாசிரியராக இருந்த என் தந்தைக்கு அதில் வருத்தம். "இலக்கணம் படிச்ச பிள்ள விசில் ஊதவா போகுது?" என்று அவர் கேட்டதும், திருச்சுழியில் நான் பேருந்து ஏறியதும், பயிற்சிக் கல்லூரியில் ஜூடோ என்னைப் பற்றிக்கொண்டதும் இங்கே விரிக்க வேண்டாதவை. அருப்புக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் பணிசெய்தேன். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் திடலில் ஒருவரை ஒருவர் தூக்கி எறியக் கற்பிக்க இயலாது. உடைந்த மேசைகள் அடுக்கியிருந்த அறையை ஒழித்து, தென்னைநார் மெத்தைகளின்மேல் தார்ப்பாய் விரித்துக் கற்பித்தேன். தறியிருந்த வீடுகளிலிருந்து வந்த மாணவியரின் பிடி அலாதியானது. அவர்கள் ஜூடோ அங்கியைப் பற்றினால் விரலை விடுவிக்க நானே திணறியதுண்டு.

பள்ளிப் பணியோடு மாவட்ட, மண்டலப் போட்டிகளில் நடுவராகவும் இருந்தேன். ஜூடோவில் இருவர் தரையில் கிடந்து முன்னேற்றம் ஏதும் இல்லாமல் நேரம் கழிந்தால், நடுவர் 'மாட்டே' என்பார். ஜப்பானியச் சொல், நிறுத்து என்று பொருள். சொன்ன மறுகணமே இருவரும் பிடியை விட்டு எழுந்து நிற்கவேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் அச்சொல்லைச் சொல்லியிருக்கிறேன். எப்போது சொல்லவேண்டும் என்று சிந்திக்கும் நிலையைக் கடந்து, சொல் தானாகவே வரும் நிலைக்கு வந்திருந்தேன். அதைத் தேர்ச்சி என்று எண்ணிப் பெருமைகொண்டதும் உண்டு.

பின்னர் பிரேசிலிய ஜியு-ஜிட்சு எங்கள் பக்கம் வந்தது. ஜூடோவின் ஒன்றுவிட்ட தம்பி என்று அதைச் சொல்லலாம். ஜூடோவில் எறிதல் தலைமையிடம் பெறும். இதில் எறிந்தபின் தரையில் நிகழ்வதே ஆட்டம். அப்போது எனக்கு ஐம்பது கடந்திருந்தது. வீரசோழன் ஊரிலிருந்து வந்து என் பள்ளியிலேயே உடற்கல்வி கற்பித்த நூர்ஜஹான் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒருநாள் வருகைப் பதிவில் கையெழுத்திட்டுக்கொண்டே கேட்டார்:

"டீச்சர், மதுரையில ரெப்ரீ கோர்ஸு நடத்துறாகளாம். ஜூடோ தெரிஞ்சவுகளுக்கு லேசுன்றாக. வாரீகளா?"

"இந்த வயசுலயா?"

"நம்ம வயசு மெத்தைக்குத் தெரியவா போகுது? படுத்துட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

பயிற்சியின் முதல் நாளே நூர்ஜஹான் மல்லாந்து படுத்தார். முழந்தாளிட்டிருந்த என் இடுப்பைத் தம் இரு கால்களாலும் வளைத்து, என் முதுகுக்குப் பின்னால் கணுக்கால்களைப் பின்னிக்கொண்டார். பயிற்சிக்கூடங்களில் இதனைக் 'க்ளோஸ்டு கார்டு' என்கிறார்கள். நான் கால்பூட்டு என்று எழுதிப் பழகிவிட்டேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மேலிருப்பவர் வென்றுகொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையில் மேலிருப்பவரே அகப்பட்டவர். கீழிருப்பவருக்கு இரு கைகளும் இரு கால்களும் பயன்படுகின்றன. மேலிருப்பவருக்குக் கால்கள் மடங்கிக் கிடக்கின்றன. எஞ்சிய இரு கைகளில் ஒன்றைக் கவனமின்றி நீட்டினால் அதுவும் போகும்.

ஐந்து நிமிடம் நான் முண்டினேன்.

"என்ன டீச்சர், சாமி கும்பிடுறீகளா? தலையத் தூக்குங்க."

"நீ தூக்க விட்டாத்தானே!"

"கழுத்தால தூக்குனா வராது. இடுப்புல உக்காந்து முதுக நிமித்துங்க. குனிஞ்சீகன்னா விடவே மாட்டேன். அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்ற வரைக்கும் இப்படியே கெடக்கவேண்டியதுதான்."

அன்று கற்றதைத்தான் புதியவர்கள் முதலில் அறிந்துகொள்ளவேண்டும். கால்பூட்டைக் கடத்தலில் நான்கு வேலைகள் உள்ளன. முதலாவது நிமிர்தல். முதுகு வளைந்திருக்கும்வரை மேலிருப்பவர் எதையும் தொடங்க இயலாது. இரண்டாவது கைகளை இடத்தில் வைத்தல். ஒரு கை எதிராளியின் அங்கியை மார்பருகே இருபுறமும் சேர்த்துப் பற்றி அவரைத் தரையோடு அழுத்தும். மறு கை இடுப்பருகே இருக்கும். இரு முழங்கைகளும் உள்ளொடுங்கியிருக்கும். ஒரு கை கால்களுக்கு உள்ளேயும் மற்றது வெளியேயும் இருக்குமானால், கீழிருப்பவரின் கால்கள் கழுத்தையும் கையையும் சேர்த்து வளைத்து இறுக்கிவிடும். மூன்றாவது திறத்தல். இதில் எனக்குப் பிடித்தது முழந்தாளிட்டே செய்யும் முறை. ஒரு முழங்காலை எதிராளியின் முதுகெலும்பு முடியும் இடத்தில் ஆப்புப்போல் ஊன்றி, மறு காலைப் பின்னே நகர்த்தி, உடலைச் சற்றே சாய்த்து, பின்னிய கணுக்கால்கள் தாமே நெகிழும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதனை வேகத்தால் செய்ய இயலாது. வெளியே ஒன்றுமே நடவாததுபோல் இருக்கும். உள்ளே விசை ஏறிக்கொண்டிருக்கும். நான்காவது கடத்தல். பூட்டு விட்டதும் எதிராளியின் ஒரு தொடையைத் தரையில் அழுத்தி, அதன்மேல் முழங்காலைச் சறுக்கிக் கடந்து, பக்கவாட்டில் படிந்து, மார்போடு மார்பு சேர்த்து அசையாமல் பிடித்தல்.

பிடித்தவுடன் புள்ளி வந்துவிடாது. கடந்தபின் மூன்று நொடி நிலைத்திருந்தால்தான் மூன்று புள்ளி.

இவ்வளவையும் எங்களுக்குக் கற்பித்தவர் தலைமை நடுவர் ஞானமுத்து. மதுரையிலிருந்து வருவார், உயரம் குறைந்தவர், குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. போட்டி தொடங்குமுன் வெறுங்காலோடு மெத்தைகளின் இணைப்புகள்மீது நடந்து, ஒவ்வோர் இணைப்பையும் குதிகாலால் அழுத்திப் பார்ப்பார். விரல்நுழையும் இடைவெளி தெரிந்தால் அந்த வரிசை முழுவதையும் எடுத்து மறுபடி அடுக்கச்சொல்வார். ஆடுபவர்களின் நகங்களைப் பார்க்குமுன் எங்கள் நகங்களைப் பார்ப்பார். ஒருமுறை நான் கொடுத்த புள்ளியைப் பற்றி அவர் கேட்டதற்கு, "அவ கடந்துட்டான்னு நெனச்சேன் சார்" என்றேன்.

"நெனச்சத வீட்டுல வச்சுக்கங்க. என்ன கண்டீங்க?"

அவரது கேள்வி எப்போதும் அதுவொன்றுதான். எந்தத் தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுந்தாலும், நடுவரை ஓரமாக அழைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதைத்தான் கேட்பார். விடை தெளிவாக இருந்தால் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்; விடை சரியா தவறா என்றுகூடச் சொல்லமாட்டார். தரையாட்டத்தின்போது நடுவர் நிற்பது அவருக்குப் பொறாது. "நின்னா மண்டதான் தெரியும். பூட்டு இருக்கறது முதுகுக்குப் பின்னால. அது இருக்க எடத்துக்கு உங்க கண்ணு போகணும்" என்று சொல்லி, அறுபதை நெருங்கிய வயதிலும் தாம் முதலில் முழந்தாளிட்டுக் காட்டுவார். மூன்று நொடியை எண்ணவும் அவருக்கு ஒரு முறை இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, கட்டைவிரலால் சுட்டுவிரலின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணவேண்டும். "நீங்க எண்ணுறது தெரிஞ்சா, அவ எண்ணிக்கைக்குத் தக்கன ஆடுவா" என்பார்.

இன்னொன்றையும் அவர் பலமுறை சொல்லியிருந்தார். ஜியு-ஜிட்சுவில் அசைவில்லை என்பதற்காக ஆட்டத்தை நிறுத்தக்கூடாது. ஒருவர் வேண்டுமென்றே காலங்கடத்தினால், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைச்சைகையால் எச்சரிக்கவேண்டும். ஜூடோவிலிருந்து வந்த எங்களைப் பார்த்து இதைச் சொல்லும்போது ஒரு கணம் கூடுதலாக நிறுத்துவார். எனக்கு அது தெரியும் என்று நானும் தலையசைப்பேன்.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, பங்குனி வெயிலில், அருப்புக்கோட்டைத் திருமண மண்டபம் ஒன்றில் மாவட்ட ஜியு-ஜிட்சுப் போட்டி நடந்தது. மணமேடையில் பரிசுக் கோப்பைகளும், சாப்பாட்டுக் கூடத்தில் எடைபார்க்கும் கருவியும் இருந்தன. பெண்களுக்கான ஒரு பிரிவின் இறுதிச் சுற்றுக்கு நான் நடுவர். நேரங்காப்பவர் நூர்ஜஹான். பள்ளியிலிருந்து கொண்டுவந்த வெண்கல மணி அவருடைய மேசைமீது இருந்தது.

ஆடவிருந்தவர்களில் ஒருத்தி ரேணுகா. இருபத்திரண்டு வயது, அருப்புக்கோட்டையில் தறியோட்டும் குடும்பம். மற்றவள் முத்துமாரி. பரளச்சிக்காரி, நூற்பாலைத் தொழிலாளி, வயது முப்பத்திரண்டு. அந்தப் பிரிவில் வெல்பவளை மகளிர் விடுதிப் பள்ளி ஒன்று தன் தற்காப்புப் பயிற்றுநராக எடுத்துக்கொள்வதாக அறிவித்திருந்தது. தங்க அறையும் உண்டு. வயது வரம்பு முப்பத்திரண்டு. முத்துமாரிக்கு அந்த இடம் எதற்கு வேண்டும் என்பதை எடைபார்க்கும் வரிசையில் நின்ற அவளுடைய ஆலைத் தோழி எனக்குச் சொல்லிவிட்டாள்.

"டீச்சர், இவ செயிச்சா மில்லுக்கு ஒரு கும்புடு. டாக்டரு இனிமே பஞ்சுத் தூசிக்குள்ள போகவே கூடாதுன்ட்டாரு. நெஞ்சுக்குள்ள கொர்ருங்குது. படுத்தா மூச்சு வாங்குறா."

"ஏடீ, வாய மூடு. அவுககிட்ட எதுக்கு அதெல்லாம்?" என்றாள் முத்துமாரி. எடைக்கருவியின்மேல் நின்றபடியே முகத்தைத் திருப்பி இருமினாள். எடை குறித்துக்கொண்டிருந்தவர் முள் ஆடுகிறதென்று அவளை அசையாமல் நிற்கச்சொன்னார்.

நடுவர் அறிய வேண்டாதது அது. அறிந்துவிட்டேன்.

ஆறு நிமிட ஆட்டம். முதல் நிமிடத்திலேயே ரேணுகா முத்துமாரியின் அங்கியைப் பற்றி இழுத்து எறிந்து மூன்று நொடி அழுத்திப் பிடித்தாள், இரண்டு புள்ளி. முத்துமாரி உருண்டு எழுந்தாள். ரேணுகா உடனே தரையில் அமர்ந்து அவளைக் கால்களுக்குள் இழுத்துப் பூட்டிக்கொண்டாள். அறிவுள்ள ஆட்டம் அது. இரண்டு புள்ளி கையில் இருக்கிறது. பூட்டைக் காத்தால் போதும். முத்துமாரி பூட்டைக் கடந்து மூன்று நொடி பிடித்தால் மூன்று புள்ளி, வெற்றி. ஆட்டம் முழுவதும் அந்த ஒரு பூட்டுக்குள் வந்து நின்றது.

முத்துமாரி இருமுறை முயன்றாள். இருமுறையும் ரேணுகாவின் தறிக்கைகள் அவளைக் கீழே இழுத்தன. ஆலையிலிருந்து வந்திருந்த பெண்கள் சுவரோரம் நின்று குரல்கொடுத்தார்கள்.

"ஏ மாரி, பஞ்சுப் பொதியப் பொரட்டுற மாதிரி பொரட்டுடீ!"

"கீள கெடக்குறவ ஒரு சுண்டு அரிசி எடை இருப்பாளா? அவகிட்டயா மாட்டிக்கிட்ட?"

ஐந்தாம் நிமிடத்தில் முத்துமாரி நிமிர்ந்தாள். இம்முறை அவசரம் இல்லை. மார்பருகே அங்கியைப் பற்றினாள், முழங்கைகளை ஒடுக்கினாள், ஒரு முழங்காலை நடுவில் ஊன்றினாள், மறு காலைப் பின்னே கொண்டுபோனாள். பிறகு அசைவே இல்லை. இருவரும் ஒரே பொருளாக இறுகிப்போனார்கள். கூட்டத்தில் ஓர் ஆண்குரல், "என்ன டீச்சர், ரெண்டு பேரும் தூங்கிட்டாளுகளா? பாய் தலகாணி கொண்டாரவா?" என்றது. மண்டபம் சிரித்தது.

அப்போது நான் முழந்தாளிட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து பதினாறு ஆட்டங்களுக்குக் குனிந்து நிமிர்ந்ததில் இடது முழங்கால் வீங்கியிருந்தது. நின்றுகொண்டிருந்தேன். நின்ற கண்ணுக்கு இரண்டு தலைகளும் ஒரு முதுகும் தெரிந்தன. அசைவில்லாமை தெரிந்தது. அந்த அசைவில்லாமைதான் முத்துமாரியின் உழைப்பு என்பதை நான் அறிவேன், பிறருக்குக் கற்பித்திருக்கிறேன், இப்போது மேலே எழுதியும் இருக்கிறேன். ஆயினும் என் வாய் இருபத்தைந்து ஆண்டுப் பழக்கத்தில் திறந்தது.

"மாட்டே!"

இருவரும் ஜூடோவில் தொடங்கி வந்தவர்கள். சொல் காதில் விழுந்ததும் இருவருடைய உடலும் கீழ்ப்படிந்தன. முத்துமாரி கைகளை எடுத்தாள். நான் ஓரடி நகர்ந்து பார்த்தபோது ரேணுகாவின் கால்கள் விலகி, பாதங்கள் இரண்டும் மெத்தையில் இருந்தன. பூட்டு திறந்திருந்தது.

முத்துமாரியின் முழங்கால் அதைத் திறந்ததா? என் சொல்லைக் கேட்டு ரேணுகா தானே விட்டுவிட்டாளா? முழங்கால் திறந்தபின் நான் நிறுத்தியிருந்தால், முக்கால் வேலை முடிந்த நிலையிலிருந்து ஆட்டம் தொடரவேண்டும். என் சொல்லால் பூட்டு விட்டிருந்தால், மீண்டும் பூட்டிய நிலையிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு நொடியின் பகுதிதான் இருந்தது. முத்துமாரியின் மூச்சும் பிழைப்பும் அதற்குள் இருந்தன.

நூர்ஜஹான் கடிகாரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்தே என்ன செய்துவிட்டேன் என்று உணர்ந்தேன். ஞானமுத்து எழுந்து வந்தார், ஓடவில்லை. என்னை மெத்தையின் ஓரத்துக்கு அழைத்தார்.

"என்ன கண்டீங்க?"

"தப்புப் பண்ணிட்டேன் சார். பழக்கத்துல..."

"அது எனக்குக் கேட்டுச்சு. என்ன கண்டீங்க?"

"கால் வெலகிக் கெடந்ததக் கண்டேன்."

"நீங்க சொன்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தெரியல சார். நின்னுக்கிட்டிருந்தேன்."

அவர் என் முழங்காலை ஒருமுறை பார்த்தார்.

இதற்குள் சுவரோரம் கூச்சல் எழுந்தது. ஆலைப் பெண் ஒருத்தி கைப்பேசியை உயர்த்திக்கொண்டு மெத்தையின் விளிம்புவரை வந்துவிட்டாள். "இந்தா சார், வீடியோல இருக்கு! தெறந்துட்டா எங்க மாரி! கண்ணத் தெறந்து பாருங்க!"

"செருப்போட மெத்தைல கால வைக்காதீங்கம்மா" என்றார் ஞானமுத்து. கைப்பேசியை வாங்கவில்லை. பார்வையாளரின் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அந்தப் போட்டிக்கு இல்லை. இரு தரப்புக்கும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விதி அது. பல மாதங்கள் கழித்து அந்தப் படத்தை நூர்ஜஹான் எங்கிருந்தோ பெற்று எனக்குக் காட்டினார். அதில் முத்துமாரியின் தோள் தெரிகிறது. ரேணுகாவின் ஒரு கை தெரிகிறது. கணுக்கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் என் முதுகு இருக்கிறது.

ஞானமுத்து இருவரையும் நோக்கினார். ஆடுபவர்களைச் சாட்சி கேட்பது அவர் வழக்கமன்று, கேட்கவும் இல்லை. முத்துமாரி தானாகவே பேசினாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"சார், நெகிழ்ந்துச்சு. அது எனக்கு முட்டியில தெரிஞ்சுச்சு. ஆனா விட்டது டீச்சர் சொல்றதுக்கு முன்னாலயா பின்னாலயான்னு எனக்கே சொல்லத் தெரியல."

ரேணுகா தலைகுனிந்து தன் இடைக்கச்சையை இறுக்கிக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

"காணாததக் கண்டதா வைக்க முடியாது. பூட்டுன நெலையிலருந்து தொடங்குங்க. மிச்ச நேரம் எவ்வளவு?" என்று கேட்டார் ஞானமுத்து.

"நாப்பத்தோரு நொடி சார்" என்றார் நூர்ஜஹான்.

ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார். நடுவரின் பிழையால் ஆட்டம் நிறுத்தப்பட்டது என்று நானே அறிவித்தேன். "பிழைன்னு சொல்லிட்டா ஆச்சா? அவ பட்ட பாட்டத் திருப்பிக் குடுப்பீகளா?" என்று ஆலைப் பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கும்போது ஞானமுத்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவளுக்கு ஈடு செய்யணும்னு இப்ப ஒரு நெனப்பு வரும். வரவிடாதீங்க."

நிலையை மீட்டமைப்பது எளிதன்று. ரேணுகா படுத்து, கால்களை வளைத்து, கணுக்கால்களைப் பின்னினாள். வலது கால் மேலே இருந்ததா, இடது காலா என்று கேட்டேன். "வலது மிஸ்" என்றாள், முத்துமாரியும் ஆமென்றாள். முத்துமாரியின் முழங்காலை நடுவில் வைக்கச்சொன்னேன். அவள் கையை அங்கியின்மேல் வைத்தபோது ரேணுகா, "இன்னுங் கொஞ்சம் மேல இருந்துச்சுக்கா" என்று அந்தக் கையைத் தானே இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தாள். எதிராளிக்கு வசதியான இடம் அது. எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டோம். சிறிது சிறிதாகச் சேர்ந்து, கணுக்கால்களின் நெகிழ்வாக வெளிப்பட்ட அந்த விசையை மட்டும் எடுத்துவைக்க எவராலும் இயலவில்லை. ரேணுகாவின் கால்கள் புதிதாகப் பூட்டியிருந்தன.

நான் முழந்தாளிட்டேன். வலி தலைவரை ஏறியது. கண் கணுக்கால்களுக்கு நேராக இருந்தது. தொடங்கச் சொன்னேன்.

பொறுத்திருந்து திறக்கும் முறைக்கு இப்போது நேரமில்லை என்பதை முத்துமாரி அறிந்திருந்தாள். ஒரு பாதத்தை ஊன்றினாள், பின் மற்றதை. ரேணுகா இடுப்பில் தொங்க, அப்படியே எழுந்து நின்றாள். நாற்பது நொடி மட்டுமே இருக்கும்போது எழுந்து நிற்கப் பத்து நொடியைக் கொடுப்பது துணிவு. நின்றவள் இடுப்பை முன்தள்ளி, ஒரு கையால் ரேணுகாவின் முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தினாள். இருமல் வந்தது. இருமியபடியே அழுத்தினாள். கணுக்கால்கள் ஒருமுறை நழுவி மீண்டும் பின்னின. அவள் முழு எடையையும் கையில் இறக்கினாள். இம்முறை திறந்தது. நான் கண்டேன், ஐயத்துக்கு இடமின்றி இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் கண்டேன். முத்துமாரி அந்தத் தொடையைத் தரையில் அழுத்தி, முழங்காலைச் சறுக்கிக் கடந்து, மார்போடு மார்பு விழுந்து, தோளால் ரேணுகாவின் தாடையை அழுத்திப் படிந்தாள். கடந்துவிட்டாள்.

என் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. கட்டைவிரல் முதற்கணுவைத் தொட்டது.

நான் புதிய நடுவர்களுக்குச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். கட்டைவிரல் ஓடத் துடித்தது. நான் எண்ணுவது எவருக்கும் தெரியாது. நொடி என்பது ஒருவர் எண்ணும் வேகம்தான்; சற்றே விரைந்து எண்ணியதாக எவரும் என்னைக் குற்றஞ்சொல்ல இயலாது. சற்றுமுன் இவளிடமிருந்து நான் பறித்தது ஒரு நொடியின் பகுதி. இப்போது திருப்பித்தர வேண்டியதும் ஒரு நொடியின் பகுதிதான். இரக்கம், குற்றவுணர்வு, எடைபார்க்கும் வரிசையில் கேட்ட செய்தி ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த விரலைத் தள்ளின. பள்ளி அறையின் சுவர்க்கடிகாரத்தோடு ஒத்து எண்ணி எண்ணி விரலுக்குப் பழக்கிய நடை ஒன்றுதான் அவற்றுக்கு எதிராக இருந்தது. பழக்கம் அன்று ஒருமுறை என்னைக் கெடுத்தது. இந்த முறை அதையே பற்றிக்கொண்டேன்.

இரண்டாம் கணு.

மணி அடித்தது.

எழுந்து இருவரையும் நடுவில் நிறுத்தினேன். வென்றவள் என்று ரேணுகாவின் கையை உயர்த்தினேன். அவளது கை வியர்வையில் நழுவியது. மறுபடி பற்றி உயர்த்தினேன். ஆலைப் பெண்கள் என்னை ஏசியதில் பாதி காதில் விழவில்லை. அன்றே ஞானமுத்துவின் முன்னிலையில் அமர்ந்து, என் பிழையை என் கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் எழுதினேன். அவர் படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த போட்டிக்கு முழங்காலுக்கு உறை போட்டுட்டு வாங்க" என்றார். என்னை விலக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

ரேணுகா அந்த விடுதிப் பள்ளியில் இன்று நன்றாகக் கற்பிக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். முத்துமாரிக்கு மறு ஆண்டு வயது வரம்பு கடந்துவிட்டது. அவளுக்காக நானும் நூர்ஜஹானும் இரண்டு பள்ளிகளில் பேசிப் பார்த்தோம், பயனில்லை. அவள் இன்னும் அந்த ஆலையில்தான் இருக்கிறாள். பஞ்சு பிரிக்கும் பகுதியிலிருந்து நூல் கட்டும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்களாம். தூசி சற்றுக் குறைவு. சற்றுத்தான் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை.

பூட்டிய நிலையிலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கியது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. விதிப்படி சரி. நடந்ததன்படி சரியா என்பதை அறிந்தவர் எவருமில்லை. அறிந்திருக்க வேண்டியவள் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தபோது முத்துமாரியை வாசலில் கண்டேன். செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். தோழிகள் பரளச்சிப் பேருந்துக்கு இடம்பிடிக்க முன்னே போய்விட்டிருந்தார்கள். என்ன சொல்வதென்று நான் ஆயத்தம் செய்துகொண்டு வரவில்லை.

"முத்துமாரி, என்னாலதான்..."

"விடுங்க டீச்சர். வாய் தவறிருச்சு." ஒரு செருப்பு கிடைத்தது, கால்விரலால் மற்றதை இழுத்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும். கடைசியில நான் அமுக்கிப் பிடிச்சேன்ல, அப்ப எத்தன எண்ணுனீக?"

"ரெண்டு."

அவள் இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டாள்.

"நானும் ரெண்டுதான் எண்ணுனேன்" என்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்தைப் பிடிக்க விரைந்து நடந்தாள்.